ஊற்றும் கண்மாயும்: எரிமலைக்கு மாக்மா வந்து சேரும் வழியைக் கற்கத் தொடங்குபவர்களுக்கு

ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி யானைமலையை நிமிர்ந்து பார்க்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், இது அந்தக் காலத்து எரிமலையா?" இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஏன் இல்லை என்று விளக்கத்தான் நேரம் பிடிக்கும். மாக்மா எனப்படும் உருகிய பாறைக் குழம்பு எங்கே உருவாகிறது, எந்த வழியாக ஏறுகிறது, எங்கெங்கே தங்குகிறது என்பது தெரிந்தால்தான் அந்த "இல்லை" புரியும். பள்ளிப் பிள்ளைகளை இந்தக் குன்றுகளுக்குப் பல வருடங்களாக அழைத்துப் போய் வருகிறேன். எந்த வரிசையில் கற்றால் விஷயம் மனதில் நிற்கிறது என்று அதில் எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையையே இங்கே தருகிறேன்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஒரு நோட்டு, பென்சில், வீட்டுக் குக்கர், ஒரு குச்சி ஐஸ், ஒரு கோலி சோடா, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். கடைசிப் படிக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள்.

முதல் வேலை: மனதில் உள்ள படத்தை அழிப்பது

நோட்டில் பூமியின் குறுக்குவெட்டை வரையுங்கள். மேலே மெல்லிய மேலோடு, அதன் கீழே கவசம், நடுவில் கரு. இப்போது கவசத்துக்கு என்ன நிறம் கொடுப்பீர்கள்? பெரும்பாலானவர்கள் சிவப்பைத் தீட்டிக் கொதிக்கும் கடலாக்கிவிடுவார்கள். அந்தக் கடலிலிருந்து நேராக ஒரு குழாய் மேலே போய் மலை உச்சியில் வாய் திறக்கும். நானும் கரும்பலகையில் நெடுங்காலம் அப்படித்தான் வரைந்தேன். அதைப் பார்த்து எழுதிக்கொண்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கவசம் கெட்டியான பாறை. மேலோட்டின் அடியிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கிட்டத்தட்ட முழுவதும் திடப்பொருள்தான். இதற்குச் சான்று நிலநடுக்க அலைகள். எஸ் அலை என்று ஒருவகை உண்டு, அது திரவத்தில் பரவாது. கவசத்துக்குள் அது தாராளமாகப் பரவுகிறது, வெளிக்கருவை அடைந்ததும் நின்றுவிடுகிறது. திரவமாக இருப்பது வெளிக்கரு. எரிமலைக் குழம்பு அங்கிருந்து வருவதில்லை. கவசத்தின் மேற்பகுதியிலும், சில இடங்களில் மேலோட்டுக்குள்ளேயும்தான் அது உருவாகிறது.

கவசப் பாறையின் பெயர் பெரிடோடைட். ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் அதில் நிறைய உண்டு. கெட்டியாக இருந்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரும். வெயிலில் கிடக்கும் தார் உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் கல்லைப் போல இருக்கும், அப்படியே விட்டுவிட்டால் தானாகச் சரியும்.

சரி, சிவப்பை அழித்துவிட்டுப் பச்சை தீட்டுங்கள்.

அடுப்படியில் மூன்று பாடம்

சூடான பாறை ஏன் உருகாமல் இருக்கிறது? மேலே உள்ள பாரம் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. பூமியின் மேற்பரப்பில் வைத்துச் சூடேற்றினால் பெரிடோடைட் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். 100 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு அழுத்தம் இருக்கிறது. அங்கே உருகத் தொடங்கவே 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த ஆழத்தில் அவ்வளவு சூடு பெரும்பாலும் கிடையாது, கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

குக்கரை அடுப்பில் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். மூடிய குக்கரில் 120 டிகிரியை எட்டும்வரை அடங்கிக் கிடக்கும். விசில் எழும்பும் நொடியில் பருப்புத் தண்ணீர் பொங்கித் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் யாரும் தீயைக் கூட்டவில்லை, அழுத்தம்தான் குறைந்தது. (பார்த்தால் போதும். அழுத்தம் இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.) கொதிப்பதும் உருகுவதும் வேறு வேறுதான், ஆனால் கணக்கு இரண்டுக்கும் ஒன்று. நடுக்கடல் மலைத்தொடர்களில், பூமியின் வெளி ஓடாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகள் விலகும்போது அடியிலுள்ள கவசப் பாறை எழும்பி வருகிறது. வரும்போது சூடு பெரிதாகக் குறைவதில்லை, பாரம் மட்டும் குறைகிறது. அதனால் உருகுகிறது. உலகத்தில் உருவாகும் மாக்மாவில் பெரும்பகுதி இப்படி, கடலுக்கடியில், யார் கண்ணிலும் படாமல் வருகிறது.

அடுத்தது குல்ஃபி வண்டி. வண்டிக்காரர் பனிக்கட்டி மேல் கல்லுப்பைப் போடுவார். உப்புப் பட்ட பனிக்கட்டி பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழேயே உருகும். பாறைக்கு அந்த உப்பாக இருப்பது தண்ணீர். கடலடித் தட்டு இன்னொரு தட்டின் அடியில் புதையும்போது, தன் கனிமங்களுக்குள் பூட்டிய நீரையும் கூடவே கொண்டுபோகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலுள்ள கவசத்தில் ஊறுகிறது. பாறை உருகும் வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடுகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பான் எரிமலைகளெல்லாம் இந்த வகை. நம் நாட்டில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலையான அந்தமானின் பாரன் தீவும் இப்படித்தான். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவு. இந்தியத் தட்டு அங்கே கிழக்கே புதைகிறது. 1787-இல் அது புகைந்ததைக் கப்பலில் போனவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் மறுபடி விழித்தது.

மூன்றாவது வகை, ஆழத்திலிருந்து வழக்கத்தைவிடச் சூடான பாறை தூண்போல எழும்பி வருவது. ஹவாய் அதற்கு உதாரணம். இங்கேயும் அழுத்தம் குறைவதால்தான் உருகுகிறது, சூடு அதிகம் என்பதால் இன்னும் ஆழத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இப்போது மதுரையைப் பாருங்கள். நமக்கு அடியில் சுமார் 40 கிலோமீட்டர் கனத்தில் பழைய மேலோடு, அதற்கும் கீழே குளிர்ந்து இறுகிய தட்டின் அடிப்பகுதி. தட்டு இங்கே விலகவில்லை, எதுவும் புதையவில்லை, சூடான தூணும் எழவில்லை. மூன்று வழியில் ஒன்றுகூட இல்லாத ஊரில் எரிமலைக்கு வேலை இல்லை.

குச்சி ஐஸ்: சாறு முதலில் வரும்

என் வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த படி இது. சிவப்புக் குச்சி ஐஸை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். முதலில் நிறமும் இனிப்பும் வந்துவிடும். கையில் மிஞ்சுவது வெளிறிய, சப்பென்ற பனிக்கட்டி. ஐஸ் முழுவதும் கரையவில்லை, எளிதில் உருகும் பங்கு மட்டும் பிரிந்து வந்தது.

கவசத்திலும் நடப்பது இதுதான். பாறை முழுதாக உருகுவதே இல்லை. நடுக்கடல் மலைத்தொடரில் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு உருகும், மற்ற பல இடங்களில் நூற்றுக்குச் சில பங்குதான். முதலில் உருகும் பங்கில் சிலிக்கா, அலுமினியம், கால்சியம் எல்லாம் கூடுதல், மெக்னீசியம் குறைவு. அதனால்தான் பெரிடோடைட் உருகிப் பெரிடோடைட் குழம்பு கிடைப்பதில்லை, இறுகினால் பசால்ட் என்ற கரும்பாறையாகும் குழம்பு கிடைக்கிறது. மிஞ்சிய பாறை சாறு போன சக்கையாகக் கீழேயே தங்கிவிடுகிறது.

"மாக்மா என்பது உருகிய கவசம்" என்று எங்காவது படித்தால் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கவசத்திலிருந்து பிழிந்த சாறு.

வைகை மணலில் ஊற்று

நூற்றுக்குச் சில பங்கே உருகினால் அது எப்படி ஒன்றுசேரும்? இதற்கு வைகைதான் வாத்தியார். சித்திரையில் அழகர் இறங்க அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் முன், ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணலில் இரண்டு மூன்று அடி தோண்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். சுற்றிலும் உள்ள மணல்மணிகளின் இடுக்கில் நின்ற ஈரம் கசிந்து, குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கூடிவிடும். மணலுக்கடியில் குளம் ஏதும் இல்லை. இடுக்குகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கவசத்தில் உருகிய சாறு முதலில் கனிம மணிகளின் ஓரங்களில், மூன்று நான்கு மணிகள் கூடும் மூலைகளில், நூல் போல நிற்கிறது. நூல்கள் இணைந்து வலையாகின்றன. பெரிடோடைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 3.3 மடங்கு, பசால்ட் குழம்பினது சுமார் 2.7 மடங்கு. லேசானது மேலே போகப் பார்க்கிறது, கனத்த பாறை மெல்ல நெரிந்து அதைப் பிழிந்து தள்ளுகிறது. வைகையில் ஊற்று கீழே உள்ள குழியை நோக்கிக் கசிகிறது, பூமிக்குள் மேலே நோக்கிக் கசிகிறது. அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த ஒப்பீடு கடைசிவரை கைகொடுக்கும்.

கண்மாய்ச் சங்கிலி

கசிந்து ஏறிய குழம்பு மேலோட்டின் அடியை எட்டும்போது அங்கே பாறை இன்னும் லேசாக, குளிர்ச்சியாக, விறைப்பாக இருக்கிறது. கசிவு அங்கே செல்லாது. குழம்பு தேங்குகிறது. தேங்கி அழுத்தம் கூடியதும் பாறையைப் பிளந்துகொண்டு நுழைகிறது. செங்குத்தாக ஏறும் பிளவில் இறுகினால் அதற்கு டைக் என்று பெயர், பாறை அடுக்குகளுக்கு இடையே படுக்கையாகப் பரவினால் சில். எரிமலைக்குக் கீழே "குழாய்" என்று நாம் வரைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மெல்லிய பிளவுதான்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, கண்மாயைப் பார்த்தால் போதும். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும், அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. மழை எங்கேயோ பெய்திருக்கும், கடைசிக் கண்மாய் நிறையப் பல நாளாகும். நடுவில் ஒரு கண்மாய் தூர்ந்திருந்தால் கீழே உள்ள ஊருக்குச் சொட்டுக்கூட வராது. எரிமலைக்கு அடியிலும் ஒரே தொட்டி கிடையாது. மேலோட்டின் அடியில் ஒன்று, நடுவில் சில, மேலே சில கிலோமீட்டர் ஆழத்தில் ஒன்று என்று அடுக்கடுக்காகத் தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றிலும் எப்போதும் குழம்பு தளும்பிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் படிகங்கள் நெருங்கிய சேறுதான், இடுக்குகளில் மட்டும் குழம்பு. கோடைக் கண்மாய் மாதிரி.

தேங்கும் இடத்தில் குழம்பு மாறுகிறது. குளிரும்போது ஒலிவின் முதலில் படிகமாகி அடியில் படியும், மெக்னீசியம் அதோடு போய்விடும், மிச்சக் குழம்பில் சிலிக்கா கூடும். எந்தக் கனிமம் எந்த வரிசையில் படிகமாகும் என்பதை நார்மன் போவென் 1910-களிலும் 20-களிலும் ஆய்வகத்தில் உருக்கிப் பார்த்துக் காட்டினார். சிலிக்கா கூடக் கூடக் குழம்பு கொழகொழப்பாகும். பசால்ட் 1,100 முதல் 1,200 டிகிரி வரையில் விளக்கெண்ணெய் போல ஓடும். சிலிக்கா நிறைந்த ரையோலைட் 700, 800 டிகிரியில் நகரவே மறுக்கும்.

எல்லா மாக்மாவும் எல்லாக் கண்மாயிலும் தங்கித்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். கோஸ்டாரிகாவின் இராசு எரிமலை 1963 முதல் 1965 வரை கக்கிய பொருளில் இருந்த ஒலிவின் படிகங்களுக்குள் நிக்கல் படிந்திருந்த விதத்தை அளந்தார்கள். சுமார் 35 கிலோமீட்டர் ஆழத்துக் கவசத்திலிருந்து அந்தக் குழம்பு சில மாதங்களிலேயே மேலே வந்திருந்தது. ஐஸ்லாந்தின் ஃபாக்ரடால்ஸ்ஃபியாட்லில் 2021 மார்ச் 19 அன்று எரிமலை வெடித்தபோதும், மேலோட்டின் அடிவாரத் தேக்கத்திலிருந்து குழம்பு கிட்டத்தட்ட நேராகவே வந்தது. வாரக்கணக்கில் லாவாவின், அதாவது வெளியே வந்த குழம்பின், வேதிச் சேர்க்கை மாறிக்கொண்டே போனது. இன்னும் ஆழத்தில் பிறந்த குழம்பு பின்னாலேயே வந்து சேர்ந்ததைத்தான் அது காட்டியது.

கோலி சோடா

இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். கோலியை அழுத்துங்கள். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த வாயு குமிழாகிப் பொங்கும். மாக்மாவுக்குள் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழ்கள் விரிகின்றன. ஓடும் பசால்ட்டில் குமிழ் எளிதில் தப்பிவிடும், லாவா நீரூற்றாகப் பீச்சும். கொழகொழத்த குழம்பில் மாட்டிக்கொண்டால் எல்லாமே சாம்பலாக வெடித்துச் சிதறும்.

பிலிப்பைன்ஸின் பினடுபோவில் 1991-இல் நடந்ததில் இதுவரை படித்தது அத்தனையும் இருக்கிறது. மேலே பழைய, கெட்டியான குழம்புத் தேக்கம். அதற்குள் கீழிருந்து சூடான புதுப் பசால்ட் வந்து புகுந்தது. பெருவெடிப்புக்கு முந்தைய வாரங்களில் சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மெதுவான, கனத்த அதிர்வுகள் பதிவாகின. ஆழத்துக் கண்மாய் திறந்ததன் சத்தம் அது. ஜூன் 15 அன்று மலை வெடித்தது. அறிகுறிகளைப் படித்து முன்கூட்டியே மக்களை அப்புறப்படுத்தியதால் ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

உயிருள்ள எரிமலை ஒன்றைப் பின்தொடருங்கள்

புத்தகம் இதுவரைதான் கொண்டுவரும். அப்புறம் ஒரு எரிமலையைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஹவாயின் கீலவேயா. அங்கே 1912-இல் தொடங்கிய கண்காணிப்பு நிலையம் தன் அளவீடுகளை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

நிலநடுக்கம் எத்தனை என்பதைவிட எவ்வளவு ஆழத்தில் என்று பாருங்கள். ஹவாயின் பஹாலா ஊருக்கு அடியில் 30 கிலோமீட்டருக்கும் கீழே, கவசத்துக்குள்ளேயே, 2019-லிருந்து அதிர்வுகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. மேலே எதுவும் தெரியாவிட்டாலும் கீழே ஊற்று சுரக்கிறது. அடுத்து, தரை உப்புகிறதா வற்றுகிறதா என்று பாருங்கள். இதற்குச் சாய்மானி என்ற கருவியின் வரைபடம் இருக்கும். கடைசியாக வாயு. கந்தக டை ஆக்சைடு கூடினால் குழம்பு மேலே நெருங்கியிருக்கலாம்.

கீலவேயாவில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு விட்டுவிட்டு நடந்தது. அந்தச் சாய்மான வரைபடம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். மெல்ல ஏறும், லாவா பீச்சும்போது மளமளவென்று இறங்கும், மறுபடி ஏறும். கண்மாய் நிறைவதும் மறுகால் பாய்வதும் கோடாக வரையப்பட்டிருப்பதை முதன்முதலில் பார்த்த அன்று நான் அதைப் பிரிண்ட் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டினேன். 2018-இல் அதே எரிமலையில் கரையே உடைந்த மாதிரி ஆயிற்று. உச்சியில் இருந்த குழம்பு நிலத்தடிப் பிளவு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே போய் லெய்லானி குடியிருப்பில் வெளிப்பட்டது. சுமார் 700 வீடுகள் அழிந்தன. கீழே வடிய வடிய, மேலே உச்சிக் குழி இடிந்து உள்வாங்கியது.

இப்போது மலைக்குப் போகலாம்

போகும் முன் வழியில் ஒரு கிரானைட் கடையில் நில்லுங்கள். அடுப்பு மேடைக்குப் போடும் கறுப்புக் கல்லைக் கேளுங்கள். கடையில் எல்லாமே கிரானைட்தான், ஆனால் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வரும் கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட். கவசத்தில் பிறந்த பசால்ட் குழம்பு டைக்காக ஏறிப் பாதிவழியில் இறுகிய பாறை அது. இவ்வளவு நேரம் படித்த மாக்மா உங்கள் மிக்ஸிக்கு அடியில் இருக்கிறது.

பக்கத்திலேயே "காஷ்மீர் ஒயிட்" இருக்கும். பெயர்தான் காஷ்மீர், கல் மேலூர்ப் பக்கத்தது. வெள்ளையில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது கார்னெட் என்ற கனிமம். கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். மதுரை வட்டாரத்துப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில் 900 டிகிரி அளவுக்கு வெந்தவை. அந்தச் சூட்டில் மேலோட்டுப் பாறையே பகுதியாக உருகியது. அது கவசத்துச் சாறு அல்ல, ஆனால் உருகும் விதமும் கசியும் விதமும் அதேதான். மேலே இருந்த மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து, அன்றைய அடித்தளம் இன்று வெயிலில் நிற்கிறது. யானைமலை எரிமலை இல்லை. எரிமலைகளுக்கு வெகு கீழே இருக்கக்கூடிய ஆழம்தான் அங்கே நம் கண்முன் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசலைப் பார்த்ததும் லாவா மண் என்று முடிவு கட்டாதீர்கள். தக்காணக் கரிசல் பசால்ட்டிலிருந்து வந்தது. நம் பக்கத்துக் கரிசல் இங்குள்ள பழம்பாறைகள் சிதைந்து உண்டானது.

யானைமலைக்கும் கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் விடிந்ததும் போங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுட்டுவிடும். சுத்தியல் எடுத்துப் போக வேண்டாம். சமணச் சிற்பங்கள் உள்ள இடங்கள் பாதுகாக்கப்பட்டவை, பாறையைக் கீறவோ பெயர் எழுதவோ கூடாது. சிற்பங்களிலிருந்து தள்ளி, மழைநீர் கழுவிய வெற்றுப் பாறையைத் தேடுங்கள். கருமையும் வெளிறலுமாக மாறி மாறிப் பட்டைகள் நெளிந்து போகும் இடம் கிடைத்தால் அங்கே உட்காருங்கள். இதுபோன்ற பாறைகளில் வெளிர்ப் பட்டை பெரும்பாலும் உருகிப் பிரிந்த பங்கு, கரும்பட்டை சாறு போன சக்கை. நூல் கனத்தில் உள்ள வெளிர்க் கோடுகள் விரல் கனத்துக் கோட்டில் சேர்வதும், அது ஒரு சாண் அகலப் பட்டையில் போய்க் கலப்பதும் சில இடங்களில் தெளிவாகத் தெரியும். கூடும் ஒவ்வொரு இடத்தையும் நோட்டில் வரையுங்கள், கனத்தை ஸ்கேலால் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். வைகை மணலில் நீங்கள் பார்த்த ஊற்று இங்கே மேலே ஏறும் வழியிலேயே கல்லாகி நிற்கிறது.